பைக்கால் பனியில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக்கால் ஏரிக்குப் பனிக்காலப் பயணம் கிளம்பும் நண்பர்களுக்கும், அவர்களைக் குழுவாக அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

2023 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு ரஷ்ய மின்விசா கிடைக்கத் தொடங்கியது. அதற்கப்புறம் சைபீரியாவுக்குப் போய் வந்தேன் என்று நம்மூரில் யாராவது சொன்னால் வாயைப் பிளந்து கேட்பாரில்லை. பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் போதும், கைப்பேசியில் பைக்கால் படங்களாக வந்து விழுகின்றன. நீலக் கண்ணாடி போல உறைந்து கிடக்கும் ஏரி, அதன்மேல் கையை விரித்து மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு மார்ச் மாதம் போய் வந்தவன்தான். ஆனால் நீங்கள் அனுப்பும் பயணத் திட்டங்களை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பனிக்குகை இருக்கிறது, சறுக்கு விளையாட்டு இருக்கிறது, ட்ரோன் படப்பிடிப்பு இருக்கிறது, மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு கூட இருக்கிறது. அந்தப் பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன். எனக்கு எந்த அளவும் ஏற்காட்டிலோ மேட்டூரிலோ வைத்துப் பார்த்தால்தான் மனதில் பதியும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைக்காலின் மிக ஆழமான இடம் 1,642 மீட்டர். அவ்வளவு உயரமுள்ள மலையை அங்கே இறக்கி வைத்தால் ஊரும் காப்பித் தோட்டமும் முழுகி, அதற்கு மேலும் நூறு மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். மேட்டூர் அணை முழுக்க நிரம்பினால் 93.47 டி.எம்.சி. பைக்காலில் உள்ள 23,600 கன கிலோமீட்டர் தண்ணீரை நிறுத்தி வைக்க ஏறக்குறைய ஒன்பதாயிரம் மேட்டூர் வேண்டும். உலகத்தில் உறையாமல் நிலத்தின் மேல் கிடக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இது. வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள். சாதாரணமாக ஒரு ஏரி சில ஆயிரம் ஆண்டுகளில் வண்டல் படிந்து தூர்ந்துவிடும். பைக்காலிலும் வண்டல் படியாமல் இல்லை, சில இடங்களில் ஏழு கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. ஆனால் அடியில் நிலமே பிளந்து விலகிக்கொண்டிருப்பதால் பள்ளம் நிரம்புவதே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடுவார். என்னை நிற்க வைத்தது வேறொன்று. ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியும் ஆழமானதுதான், உலகில் இரண்டாவது. ஆனால் அங்கே மேலே உள்ள நூறு, இருநூறு மீட்டருக்குக் கீழே பிராணவாயு கிடையாது. அதற்குக் கீழே மீனும் இல்லை, நண்டும் இல்லை. பைக்காலில் அப்படி இல்லை. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மேலே குளிர்ந்த நீர் அடிவரை இறங்கி, பிராணவாயுவையும் கூடவே கொண்டு போகிறது. அதனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே, கும்மிருட்டில், உறைநிலைக்கு மூன்று பாகை மேலே நிற்கும் தண்ணீரில்கூட உயிர்கள் குடும்பம் நடத்துகின்றன. 2,500-க்கும் மேற்பட்ட விலங்கு வகைகளை இதுவரை கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. யுனெஸ்கோ 1996-இல் இதை உலக மரபிடமாகச் சேர்த்ததற்கு இந்த உயிர்களும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, பனிக்கு வருவோம்.

ஏரிக்குள் இருக்கும் ஒல்கோன் தீவின் வடமுனைப் பக்கம் எங்களை ஒரு பழைய ரஷ்ய வேனில் அழைத்துப் போனார்கள். பார்க்க ரொட்டி மாதிரி இருப்பதால் அதற்குப் ‘புகான்கா’ என்று பெயர். எல்லோரும் இறங்கிப் படம் எடுக்க ஓடினார்கள். ஓட்டுநர் பெரியவர் என்னிடம் மட்டும் எதுவும் பேசாமல் ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்து, குப்புறப் படு என்று கையால் காட்டினார். படுத்துக் கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டேன். மேலே வெளிச்சம் அடைபட்டதும் பனி ஜன்னலாகிவிட்டது. முதலில் தெரிந்தவை வெள்ளைத் தட்டுகள், அடுக்கடுக்காக, இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஏரியின் அடியிலிருந்து கிளம்பும் மீத்தேன் குமிழிகள் மேலே வரும்போது பனியில் மாட்டி உறைந்தவை. அதற்குக் கீழே ஒரு வெடிப்பு, சுவர் போல நேராக இறங்கியது. அதற்கும் கீழே பச்சை கலந்த ஒரு மங்கல்.

அந்த மங்கல் என்ன என்று அப்போது தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் கையால் சுற்றும் துளைப்பானை எடுத்து மீன் பிடிக்கத் துளை போட்டார். பனி ஏறக்குறைய என் இடுப்பளவு தடிமன். துளைப்பான் அடிவரை போய் வெளியே வரும்போது கூடவே வந்த கடைசித் துண்டைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் கண்ணாடி போலத் தெளிவு. தண்ணீரைத் தொட்டிருந்த பக்கத்தில், ஆற்றுப் படிக்கட்டில் படியுமே, அதுபோல ஒரு மெல்லிய பழுப்புப் பசை. விரலால் தடவினால் வழுக்கியது.

அந்தப் பசைதான் பைக்காலின் வயல். டையட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள். காற்று பனித்தூளை அடித்துப் போய்விடுவதால் இங்கே பல இடங்களில் உறைபனி வெறுமையாக, தெளிவாக இருக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயில் அதை ஊடுருவிக் கீழே இறங்குகிறது. மேலே நாம் ஐந்தடுக்கு உடுப்பில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது கீழே இந்தப் பாசிகள் பொங்கி வளர்கின்றன. பெரும்பாலான ஏரிகளுக்குக் குளிர்காலம் உறங்கும் காலம். பைக்காலுக்கு அதுதான் சாகுபடிக் காலம். நீங்கள் படம் எடுக்கும் அந்தக் கண்ணாடித் தரைக்கு அடியில் விளைகிற இந்தப் பாசியைத் தின்றுதான் எபிஷுரா என்ற ஒன்றரை மில்லிமீட்டர் உயிர் பெருகுகிறது. ஏரியின் மிதவை விலங்குகளில் பெரும்பங்கு இந்த ஒன்றே. பாசியையும் நுண்ணுயிரையும் வடிகட்டித் தின்று இது பிழைப்பதால்தான் தண்ணீர் நாற்பது மீட்டர் ஆழம் வரை தெளிவாகத் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக நிற்கிறது. எபிஷுராவைத் தின்பது ஓமுல் மீனும் கோலோம்யான்காவும்.

கோலோம்யான்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். இருபது சென்டிமீட்டர் அளவுக்கு வளரும் மீன். செதில் இல்லை, நீந்துவதற்கான காற்றுப் பையும் இல்லை. லேசான இளஞ்சிவப்பில், பின்னால் எழுத்து இருந்தால் படித்துவிடலாம் என்கிற அளவுக்கு ஊடுருவித் தெரியும் உடம்பு. பெரிய கோலோம்யான்காவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. கொழுப்பு மிதக்க வைப்பதால் மேலிருந்து அடிவரை, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அழுத்த வித்தியாசத்தில், சும்மா ஏறி இறங்குகிறது. முட்டை இடுவதில்லை, இரண்டாயிரம் மூவாயிரம் குஞ்சுகளை உயிரோடு ஈனுகிறது. அந்தக் காலத்தில் கரையில் ஒதுங்கியவற்றை அள்ளி உருக்கி விளக்குக்கு எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். வலைக்குச் சிக்கும்படி கூட்டமாகத் திரிவதில்லை என்பதால் யாரும் வியாபாரத்துக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் ஏரியில் உள்ள மீன்களின் மொத்த எடையில் அதுதான் அதிகம். அத்தனை கோலோம்யான்கா இருப்பதால்தான் நெர்ப்பா இருக்கிறது.

நெர்ப்பாவை உங்களுக்குத் தெரியும். உருண்டை முகமும் பெரிய கருவிழியுமாக எல்லாக் காந்தப் பொம்மையிலும் இருக்கும் அந்தச் சீல். கடலே பார்க்காமல் நன்னீரில் மட்டும் வாழும் ஒரே சீல் இனம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நீங்கள் போகும் அதே நேரத்தில், பெண் நெர்ப்பா பனிமேட்டு ஓரம் வளை தோண்டி அதற்குள் வெள்ளை ரோமக் குட்டியை ஈனுகிறது. வளையின் தரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத் தாய் தண்ணீருக்குள் இறங்கும், ஏறும். அந்த ஓட்டை உறைந்து மூடிவிடாமல் நகத்தாலேயே கீறிக் கீறித் திறந்து வைக்கிறது. மேலே கூரை என்பது வெறும் பனித்தூள். அந்த வளைக்கு மேல் ஒரு பனி வண்டி ஏறினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2020-இல் ஒரு ஆய்வு வெளியானது. நெர்ப்பாவின் முதுகில் சின்னக் கேமராவும் கருவியும் கட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் மீனைத்தான் தின்னும் என்று நினைத்திருந்த விலங்கு, இராத்திரியில் கூனி போன்ற ஒரு சின்ன உயிரை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. ஒரு முழுக்குக்குச் சராசரியாக 57. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில். தண்ணீரை வெளியே விட்டுக் கூனியை மட்டும் நிறுத்திக்கொள்ள அதன் கடைவாய்ப் பற்கள் சீப்பு மாதிரி அமைந்திருக்கின்றன. இவ்வளவு காலம் ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒரு விலங்கைப் பற்றி இது தெரியவே 2020 வரை ஆகியிருக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

பயணத் திட்டத்தில் ‘நெர்ப்பா காட்சி’ என்று ஒரு மாலை நேர நிகழ்ச்சி சேர்க்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் பயணத்தில் ஒன்றுக்கு நானும் டிக்கெட் வாங்கிப் போனேன். பெயர் சொல்லவில்லை, ஒரு இடம் என்றே இருக்கட்டும். நீச்சல் குளத்தைவிடச் சின்னத் தொட்டி. இருநூறு மீட்டர் முழுகி, முக்கால் மணி நேரம் வரை மூச்சை அடக்கக்கூடிய விலங்கு, பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்து தூரிகையை வாயில் கவ்விப் படம் வரைகிறது. என் பக்கத்தில் இருந்த குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து வெளியே வரக்கூடத் தோன்றவில்லை, அதுதான் இன்றும் வருத்தம். அதற்குப் பதிலாக ஏரிக்கரை ஊரான லிஸ்த்வியான்காவில் இருக்கும் பைக்கால் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கூனி முதல் பஞ்சுயிரி (ஸ்பாஞ்ச்) வரை ஏரியின் மற்றக் குடிகளையும் அங்கே பார்க்கலாம். நெர்ப்பாவை அது வாழும் இடத்திலேயே பார்க்க விரும்புகிறவர்கள் கோடையில் போகட்டும். உஷ்கானி தீவுகளின் பாறைகளில் கூட்டம் கூட்டமாக வெயில் காயும். அது தேசியப் பூங்கா எல்லை. அனுமதி பெற்று, சொன்ன தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம். ‘வெள்ளைக் குட்டி தேடி’ என்று மார்ச், ஏப்ரலில் பனி வண்டி ஓட்டும் திட்டம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அடுத்தது தங்குமிடம். இதுதான் என் மடலின் முக்கியமான பகுதி, இதற்காகவே மற்றதை எழுதினேன் என்றும் சொல்லலாம்.

பைக்காலில் கரையோரத் தண்ணீருக்கு அடியில் ஒரு காடு இருக்கிறது. பஞ்சுயிரிக் காடு. லுபோமிர்ஸ்கியா என்பது பெயர். மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து ஒரு மீட்டர் வரை வளரும், ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். உடம்புக்குள்ளேயே பாசி குடியிருப்பதால் பளிச்சென்ற பச்சை. 2011 வாக்கில் இருந்து இந்தப் பஞ்சுயிரிகள் நிறம் மாறிச் சாகத் தொடங்கின. நோய்க்கு ஒரே காரணம் என்று விஞ்ஞானிகள் எதையும் கை காட்டவில்லை. தண்ணீர் சூடேறுவதும் சத்துப் பொருள் கூடுவதும் விவாதத்தில் இருக்கின்றன. ஆனால் அதே காலத்தில் கரையோரம் படரத் தொடங்கிய ஸ்பைரோகைராப் பாசியின் காரணம் மர்மமே இல்லை. செவெரோபைக்கால்ஸ்க், லிஸ்த்வியான்கா என்று மனிதர்கள் கூடும் இடங்களுக்கு எதிரேதான் அது பச்சை நூல் கண்டு கண்டாகக் கரை ஒதுங்கி அழுகுகிறது. கழிவுநீர். கழிப்பறை நீரும் சோப்பு நீரும் மண் வழியாகக் கசிந்து ஏரியில் இறங்குகின்றன.

நான் தங்கிய விடுதி மர வேலைப்பாடெல்லாம் வைத்து அழகாக இருந்தது. இருபது பேருக்கு வெந்நீர்க் குளியல், தினமும் போர்வை மாற்றுவார்கள். கடைசி நாள் காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு குழி. பலகை போட்டு மூடியிருந்தது. ஓரத்தில் உருகிய பனி சாம்பல் நிறத்தில் சரிவில் இறங்கி, ஏரி இருக்கும் திசையில் போயிருந்தது. இருநூறு அடி இருக்கலாம். அங்கே துவைத்த போர்வையில் நானும் நான்கு இரவு தூங்கியவன்.

பைக்காலுக்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து சேர்கின்றன. வெளியே போவது அங்காரா ஒன்றுதான். உள்ளே வந்த ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியேறச் சராசரியாக முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். நம்மூர் ஆற்றில் கலந்தது அடுத்த வெள்ளத்தில் போய்விடும் என்று பேசிக்கொள்கிறோமே, அந்தச் சமாதானம் இங்கே செல்லாது. எனவே ஏற்பாட்டாளர்களே, அறை பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது? கசியாத தொட்டி இருக்கிறதா, லாரி வந்து எடுத்துப் போகிறதா? இல்லை என்றால் அங்கே தங்காதீர்கள். இருபது பேர் கொண்ட குழுவின் பதிவு கை நழுவினால் எந்த விடுதிக்காரருக்கும் உறைக்கும். பயணிகள் செய்யக்கூடியது இன்னும் எளிது. தினமும் போர்வை மாற்றச் சொல்லாதீர்கள். பாஸ்பேட் இல்லாத சோப்பை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

ஓமுல் பற்றியும் ஒரு வார்த்தை. புகையில் வாட்டிய ஓமுல் லிஸ்த்வியான்கா சந்தையில் மணக்கும், ஆசை வரும். மீன் வளம் குறைந்துபோனதால் 2017 அக்டோபரில் வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. எங்கே பிடித்தது, யார் அனுமதியில் பிடித்தது என்று கேட்டுப் பதில் வராத தட்டைத் தள்ளிவிட்டு வாருங்கள். அதேபோல் ஒல்கோனில் ஹுஷிர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் புர்ஹான் பாறை அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான புரியாத் மக்களுக்குக் கோயில். அதன்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். நம் குலசாமி கோயில் கோபுரத்தில் எவனாவது ஏறினால் சும்மா இருப்போமா? மரக்கிளையில் நைலான் துணி கட்டுவதும் வேண்டாம்.

இதெல்லாம் சொல்லி என்ன ஆகப் போகிறது, இவ்வளவு பெரிய ஏரிக்கு நாலு பயணியால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். நான் கேட்டிருக்கிறேன், இதே கேள்வியை. எனக்குக் கிடைத்த பதில் ஒரு குடும்பத்தின் கதை. ஏரிக்குப் பக்கத்து நகரமான இர்குட்ஸ்கின் பல்கலைக்கழகத்தில் மிகயீல் கோஷோவ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1945-இல் இருந்து, ஏரியின் ஒரே இடத்துக்குப் போய், ஏழு பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை அள்ளிச் சோதிக்கத் தொடங்கினார். கோடையில் படகில், குளிர்காலத்தில் பனியில் துளை போட்டு. அவருக்குப் பிறகு மகள் ஓல்கா கோஷோவா தொடர்ந்தார். அவருக்குப் பிறகு பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா. ஸ்டாலின் காலம் போய், சோவியத் நாடே இல்லாமல் போய், பணம் வராத ஆண்டுகளிலும் அந்தக் குறிப்பேடு நிற்கவில்லை. அறுபது ஆண்டு அளவுகளை வைத்து 2008-இல் வெளியான கட்டுரையில் வந்த முடிவு: 1946-இல் இருந்து மேல்மட்ட நீர் 1.21 பாகை சூடேறியிருக்கிறது. இத்தனை பெரிய நீர்நிலை அசையாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். உறைபனிக் காலமும் 19-ஆம் நூற்றாண்டின் பதிவுகளோடு ஒப்பிட்டால் 18 நாள் சுருங்கியிருக்கிறது. பாசி விளையும் அந்தப் பனிக் கூரை வருவது தாமதம், போவது சீக்கிரம்.

குரல் கொடுத்தால் கேட்காமலும் போகாது. பைக்கால்ஸ்க் காகிதக்கூழ் ஆலை 1966-இல் தொடங்கியபோதே எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதுவும் சோவியத் ஆட்சியில். 2013-இல் அது மூடப்பட்டது. அது விட்டுப்போன அறுபது லட்சம் டன் கசடு இன்னும் கரையோரக் குட்டைகளில்தான் கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2006-இல் ஏரிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் எண்ணெய்க் குழாய் போட இருந்தார்கள். இர்குட்ஸ்க் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஏப்ரலில் குழாய்ப் பாதை வடக்கே தள்ளிப் போடப்பட்டது. அவர்கள் ஊர், அவர்கள் போராடினார்கள். நாம் ஒரு வாரம் போய் வருகிற விருந்தாளிகள். கழிவுநீர்க் குழியைப் பற்றிக் கேட்பதாவது நம்மால் முடியும்.

ஏற்பாட்டாளர்களுக்குக் கடைசியாக ஒன்று. பயணத்துக்கு முன் நீங்கள் அனுப்பும் எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் பனிக்கண்ணாடி, உல்லன் சாக்ஸ், பவர் பேங்க் எல்லாம் இருக்கும். அதில் ஒரு கறுப்புத் துணியும் சேர்த்துவிடுங்கள். தலைக்கு மேல் போர்த்துகிற அளவு போதும். ஒல்கோனில் ஒரு காலையில், வண்டியை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் கால் மணி நேரம் குப்புறப் படுக்க வையுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு பயணி